அழுக்குத் தங்கம்

கோட்டிங்கன், நவம்பர் 4, திங்கள்
இன்றும் வரவில்லை. நைட்ரிக் ஆக்சைடு மூலக்கூறுகளை லேசரால் அதிரவைத்து, வெற்றிடத்தில் தங்கத்தின் மேல் மோதவிடுகிறோம். திரும்பி வருகிறவை எவ்வளவு அதிர்வைத் தங்கத்திடம் இழந்தன என்று அளக்கிறோம். மெதுவாக மோதுபவை ஏறக்குறைய எல்லா அதிர்வையும் இழக்கின்றன என்று மார்ச்சில் என் ஆய்வகத் தோழன் ஹென்னிங் கண்டான். கட்டுரையில் என் பெயரும் உண்டு. நான் அளந்தால் பாதிகூட இழப்பதில்லை.

நவம்பர் 5
நான்காவது முறை. அதே பாதி.

நவம்பர் 7
மார்ச் நோட்டை எடுத்துப் பார்த்தேன். அளப்பதற்கு முன் தங்கத்தைச் சுத்தம் செய்து, கரி ஒட்டியிருக்கிறதா என்று சோதித்து, அந்தச் சோதனையின் வரைபடத்தை நோட்டில் ஒட்ட வேண்டும். மார்ச் 12-இல் ஒட்டியிருப்பது பிப்ரவரி வரைபடம். கோட்டின் சின்ன நடுக்கம்கூட மாறவில்லை.

மதியம் கேன்டீனில் ஹென்னிங்கிடம் கேட்டேன். பச்சைப் பன்றிக்கறி தடவிய ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தான்.

"அன்னைக்குச் சோதிக்கிற கருவி மக்கர் பண்ணிச்சு, அல்முட். பழசை ஒட்டிட்டேன். தங்கத்துக்கு தினமும் பல்லு வேற தேய்ச்சுவிடணுமா?"

சிரித்தான். பல்லிடுக்கில் வெங்காயம். என் சூப்பை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 8
எங்கள் வழிகாட்டி பேராசிரியர் ஓலென்டார்ஃபிடம் சொன்னேன். நோட்டைத் தொடக்கூட இல்லை அந்த அம்மாள்.

"ஜனவரில உங்க முனைவர் தேர்வு இருக்கு. அது முடியட்டும், பேசலாம்."

கதவை மெதுவாகச் சாத்தினார். அந்த மென்மைதான் குமட்டுகிறது.

நவம்பர் 11
அதே பக்கத்தின் அடியில், 'தூய்மை சரிபார்க்கப்பட்டது' என்ற இடத்தில் ஒரு கையெழுத்து. என்னுடையது.

ஞாபகம் வந்துவிட்டது. கோட்டை மாட்டிக்கொண்டிருந்தேன், காசெல் ரயிலுக்கு நேரமாகியிருந்தது. ஹென்னிங் நோட்டை நீட்டினான், கையெழுத்துப் போட்டேன். பார்க்கவே இல்லை.

ச்சீ. நாலு நாளா அவனைப் பார்த்து மூக்கைப் பிடிச்சிட்டுத் திரிஞ்சேனே — நாத்தம் எங்கேருந்து வந்துச்சு?

நவம்பர் 13
தங்கத்தைச் சுத்தம் செய்யாமல் இரண்டு நாள் விட்டு அளந்தேன். மார்ச்சில் வந்த அதே கோடு அச்சாக வந்தது. மெதுவாக வந்தவை கரியில் ஒட்டிக்கிடந்து அதிர்வை இழந்திருக்கின்றன. நாங்கள் கொண்டாடியது அழுக்கை.

ஹென்னிங் திரையையே பார்த்தான்.

"பத்திரிகைக்கு என் பேரை எழுதப் போறியா?"

"ரெண்டு பேர் பேரையும்."

நவம்பர் 15
கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லிப் பத்திரிகைக்குக் கடிதம் போய்விட்டது. முதலில் பேராசிரியரிடம் காட்டினேன்.

"இந்தக் கட்டுரை இல்லாம ஜனவரித் தேர்வு நடக்காது. தெரிஞ்சுதானே செய்றீங்க?"

"தெரியும்."

நவம்பர் 29
ஹென்னிங் என்னோடு பேசுவதில்லை. நிம்மதியாக இருக்கிறது.

பிப்ரவரி 3
கட்டுரை திரும்பப் பெறப்பட்ட அறிவிப்பு வெளியானது. தேர்வு செப்டம்பரில். சாயங்காலம் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 6
போலந்தின் க்தான்ஸ்கிலிருந்து மால்வினா என்ற பெண் எழுதியிருக்கிறாள். எங்கள் மார்ச் முடிவைத் தன் ஆய்வகத்திலும் வரவைக்க மாதக்கணக்கில் முயன்றாளாம். 'ஒவ்வொரு தடவையும் பாதிதான் வந்துச்சு. என் கைதான் சரியில்லைன்னு நினைச்சேன்.' அக்டோபரில் ஆராய்ச்சியை விட்டுவிட்டு இப்போது ஒரு பள்ளியில் பாடம் எடுக்கிறாள். கோபமாக ஒரு சொல் இல்லை. நன்றி சொல்லியிருக்கிறாள்.

பதில் எழுத உட்கார்ந்தேன். 'அன்புள்ள மால்வினா, உங்கள் கை சரியாகத்தான் இருந்தது.' அதற்கு மேல் வரவில்லை. அதையே அனுப்பினேன்.