நான்கு வருடம் நான் சுமந்துவந்த தண்ணீர்

மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் வாடை போகவில்லை. உப்பும் அழுகலும் கலந்த வாடை. இன்று காலை உன் மீன்தொட்டியிலிருந்து இரண்டு பாறைகளை வெளியே எடுத்து, பழைய டூத்பிரஷால் ஒன்றரை மணி நேரம் தேய்த்தேன். பச்சை மயிர் மயிராகப் பாசி கழன்று வந்து பக்கெட் முழுக்க மிதந்தது. போன ஞாயிறும் இதையேதான் செய்தேன். அதற்கு முந்தின ஞாயிறும். அந்தக் கையோடுதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. தொட்டி என் வீட்டுக்கு வந்து ஏழு மாதம். "அந்த மோட்டார் சத்தம் கேட்டா அவர் ஹால்ல உக்காந்திருக்கிற மாதிரியே இருக்கு ரகு, எடுத்துட்டுப் போயிடு" என்று பௌதி சொன்னார். உன் வங்காளி மனைவியை அண்ணி என்ற பொருளில் அப்படித்தான் கூப்பிட்டுப் பழகிவிட்டேன். அவரிடமிருந்து நான் கேட்டு வாங்கியது எதுவுமில்லை. அவராகக் கொடுத்தது இது ஒன்றுதான். எனவே மறுக்கவில்லை. உன் கோமாளி மீன்கள் இரண்டும், நீ முதன்முதலில் வாங்கிய அந்தப் பவளமும் அப்படித்தான் லேக் கார்டன்ஸில் உன் வீட்டிலிருந்து லேக் மார்க்கெட்டில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தன.

மீன்களைப் பற்றிக் கவலையில்லை. அவை எதையும் தாங்கும். பவளம்தான் பிரச்சினை. விரல் விரலாக விரிகிற அதன் மேல்தான் இரண்டும் புரண்டு படுத்துக்கொள்ளும் என்பது உனக்குத் தெரியும். இப்போது பாசி அதன் தண்டுவரை ஏறியிருக்கிறது. பாதி விரல்கள் விரிவதில்லை. பாசி முழுதாக மூடிவிட்டால் பிறகு அது பிழைக்காது. உன் பவளம் என் வீட்டில் செத்தது என்று பௌதியிடம் போய் நான் சொல்ல வேண்டியிருக்கும். ஏழு மாதமாக என்னை அரித்துக்கொண்டிருப்பது இதுதான். இந்தப் பாசிக்கு யார் காரணம் என்பது எனக்கு முந்தாநாள்தான் தெரிந்தது.

அதற்கு முன் பழைய கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உனக்குப் பிடிக்காது, தெரியும். "அதையே இன்னும் எத்தனை நாள்டா மெல்லுவே" என்பாய். ஆனால் இது என் கடிதம்.

பாய்லருக்குப் போகிற தண்ணீரைச் சோதிப்பதுதான் நம் இரண்டு பேருக்கும் வேலை. ஒரே ஆய்வுக்கூடம், எதிரெதிர் மேஜை. பொறுப்பாளர் பதவி காலியானபோது அனுபவத்தில் மூத்தவன் நான். படிப்பிலும் நான்தான் மேல். கொடுத்தது உனக்கு. கொடுத்தது கூடப் பெரிதில்லை. உத்தரவு வருவதற்கு இரண்டு வாரம் முன்பே உனக்குத் தெரிந்திருந்தது. அந்த இரண்டு வாரமும் என் எதிரில் உட்கார்ந்து, என் டிபன் பாக்ஸிலிருந்து எலுமிச்சை சாதம் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லவில்லை. மேலதிகாரி அதை அறிவித்தபோது மற்றவர்களோடு நானும் கைதட்ட வேண்டியிருந்தது. அன்றிலிருந்து இரண்டு வருடம் உன்னிடம் பேசவில்லை. அலுவலகக் காகிதத்தில் எழுதி உன் மேஜையில் வைப்பேன். நீ படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவாய்.

கடைசியில் நீதான் போன் செய்தாய். மன்னிப்புக் கேட்கவில்லை. "கடல்தண்ணித் தொட்டி ஒண்ணு வெச்சிருக்கேன். ஒரே பாசி. நீ வந்து பாரு" என்றாய். எனக்கு வந்த கோபத்துக்கு நான் வந்திருக்கவே கூடாது. வந்தேன்.

வந்து பார்த்ததும் தெரிந்துவிட்டது. கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணீரிலேயே உப்பைக் கலந்து ஊற்றியிருந்தாய். அதில் கரைந்திருப்பதெல்லாம் பாசிக்கு உரம். "பாய்லருக்கு ஊத்தாத தண்ணிய மீனுக்கு ஊத்துறியே, நீயெல்லாம் பொறுப்பாளர்" என்றேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு உன்னிடம் நான் பேசிய முதல் வாக்கியம் அது. நீ சிரித்தாய். அப்போதுதான் என் வீட்டுக்கு ஆர்.ஓ. இயந்திரம் வாங்கியிருந்தேன். இனி தண்ணீர் நான் கொண்டுவருகிறேன் என்று சொன்னேன். ஞாயிறுதோறும் இரண்டு கேன், ஒவ்வொன்றும் இருபது லிட்டர். ரிக்‌ஷாவில் கால்களுக்கு இடையில் ஒன்று, மடியில் ஒன்று. மழைக்காலத்தில் உன் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்போதும் கொண்டுவந்தேன். "தண்ணிக்குள்ளே தண்ணி கொண்டு போறீங்களே அண்ணா" என்று ரிக்‌ஷாக்காரர் வங்காள மொழியில் கேட்டார். உனக்கும் பௌதிக்கும் அது ஒரு வாரத்துக்குச் சிரிப்பு.

பாசி குறைந்ததே தவிரப் போகவில்லை. குற்றவாளி யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. நீ தீனி போடும் விதம் அப்படி. ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை என்று நான் எழுதி ஒட்டியிருந்தேன். நீ காபி குடிக்கும்போது ஒரு சிட்டிகை, செய்தி கேட்கும்போது ஒரு சிட்டிகை.

"அது என்னைப் பார்க்குதுடா. பசி இல்லாம எதுக்குக் கண்ணாடிகிட்ட வரும்?"

"மீன் கண்ணாடிகிட்டதான் வரும். ஆள் வந்தா சாப்பாடு வரும்னு பழக்கினது நீ."

"நீயும் அப்படித்தானே வர்றே. இவ லுச்சி போடுவான்னு."

பௌதி சமையலறையிலிருந்து, "இன்னிக்கு லுச்சி இல்லே, உப்புமா. ரெண்டு பேரும் சண்டையை முடிச்சிட்டு வாங்கோ" என்பார். உன் அம்மாவிடம் கற்ற தமிழ் அது. வாராவாரம் இதே பேச்சுதான். மிஞ்சிய தீனி அழுகுகிறது, அதுதான் பாசிக்கு உரம் என்று நான் விளக்குவேன். நீ தலையை ஆட்டுவாய். ஒரு தடவைகூட எதிர்த்துப் பேசியதில்லை. அதுவே எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும். நான் சொல்வது உன் காதில் ஏறவேயில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

எனவே தொட்டி என் கைக்கு வந்தபோது, வெளியில் சொல்லாவிட்டாலும், உள்ளூர ஒரு திருப்தி இருந்தது. இனி ஒழுங்காக நடக்கும். ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை, அதுவும் அளந்து. விளக்கை ஆறு மணி நேரமாகக் குறைத்தேன். மூன்று நாள் தொட்டியைப் போர்வையால் மூடி இருட்டில் வைத்தேன். பாசி தின்னும் நத்தைகள் வாங்கி விட்டேன். வாரம் தவறாமல் தண்ணீர் மாற்றினேன். பாசி இருமடங்கானது. நீ உயிரோடிருந்தபோது இருந்ததைவிட அதிகம். என்னால் அதை ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

"ஆபீஸ்ல பாய்லருக்கெல்லாம் வைத்தியம் பண்றவர்னு பேரு" என்றாள் என் மனைவி. போர்வை பாழானதில் அவளுக்குக் கோபம்.

முந்தாநாள், வேறு வழி தெரியாமல், தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்க, ஆய்வுக்கூடத்திலிருந்து பேனா மாதிரி இருக்குமே அந்த மீட்டரை எடுத்துவந்தேன். முதலில் தொட்டிக்கு ஊற்ற வைத்திருந்த, இன்னும் உப்புக் கலக்காத கேனில் விட்டுப் பார்த்தேன். பிறகு சமையலறைக் குழாயில். இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே எண். ஆர்.ஓ. தண்ணீரில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்கக் கூடாது. மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து இன்னொன்றை எடுத்துவந்து பார்த்தேன். அதே எண்.

"அந்த மெஷின்ல யாராவது கை வெச்சாங்களா?" என்று கேட்டேன்.

"சர்வீஸ்காரர் ஒரு திருகைத் திறந்து வெச்சார். கொஞ்சம் குழாய்த் தண்ணி கலந்து வரும், ருசியா இருக்கும்னார். வாங்கின புதுசுல காபி சப்புனு இருந்துது. நான்தான் சொன்னேன்."

"எப்போ?"

"வாங்கின மாசமே. காபி இப்பத்தான் காபியா இருக்குன்னு ரெண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடிச்சது யாராம்?"

நான்தான். நாள் முழுக்க அடுத்தவர் தண்ணீரைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவன், நான்கு வருடத்தில் ஒரு முறைகூட என் கேனைச் சோதிக்கவில்லை. என் வீட்டுத் தண்ணீர் என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது. பாசிக்குத் தீனி போட்டவன் நீ இல்லை. இரண்டு கேன்களில் மடியில் வைத்துச் சுமந்துவந்து நான்தான் போட்டிருக்கிறேன்.

நேற்று பௌதிக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அவர் அலட்டிக்கொள்ளவேயில்லை.

"ஓ, அதுவா. அவருக்குத் தெரியுமே."

"என்ன தெரியும்?"

"தண்ணி சரியில்லேன்னு. நீ கொண்டுவந்த மூணாவது வாரமே மீட்டர் வெச்சுப் பாத்தாச்சு. ரகுகிட்டே சொல்லுங்கோன்னு நான் சொன்னேன். 'சொன்னா இன்னொரு ரெண்டு வருஷம் பேசமாட்டான். பாசி இருந்துட்டுப் போகட்டும்'னார். தினம் காலைல ஆபீஸ் போறதுக்கு முன்னாடி பிரஷ் எடுத்துண்டு உக்காருவார். அந்தப் பவளத்தைச் சுத்தி மட்டும். அது செத்துப்போனா உனக்குத் தெரிஞ்சுடும்னு."

போனை வைத்த பிறகு நெடுநேரம் எனக்கு உன்மேல் கோபம்தான் இருந்தது. வருத்தம் என்று எழுதினால் பொய். பதவி விஷயத்தில் இரண்டு வாரம் மறைத்தாய். தண்ணீர் விஷயத்தில் நான்கு வருடம் மறைத்தாய். நான் வாராவாரம் உன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து உனக்கே பாடம் நடத்தினேன். தினமும் காலையில் என் தப்பைத் தேய்த்துக் கழுவிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை என்னிடமே திட்டு வாங்கிக்கொண்டாய். கேட்டுக்கொண்டிருந்த பௌதிக்குச் சிரிப்பு வந்திருக்காதா? எதற்கு எனக்கு இவ்வளவு சலுகை? ஒருவனிடம் உண்மை பேச முடியாது என்று நீ முடிவு கட்டியிருந்தால், அவன் உனக்கு என்ன நண்பன்?

திருகை மூடிவிட்டேன். வீட்டில் காபி சப்பென்று இருக்கிறது. இனி அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன். தொட்டிக்கு நல்ல தண்ணீர் போகிறது. ஆனாலும் பாறைகளுக்குள் நான்கு வருடம் ஊறியது ஒரு வாரத்தில் வெளியே வந்துவிடாது. மாதக்கணக்கில் ஆகும். அதுவரை பவளம் தாங்குமா என்று தெரியவில்லை. நாளையிலிருந்து தினமும் காலையில் அதைச் சுற்றித் தேய்க்கப் போகிறேன். அந்த வேலைக்கு இப்போது வேறு ஆள் கிடையாது.

பௌதியிடம் நீ சொன்னது தவறில்லை. சொல்லியிருந்தால் நான் முறைத்துக்கொண்டுதான் போயிருப்பேன். கேன்களை அங்கேயே வைத்துவிட்டு, பௌதியிடம் சொல்லிக்கொள்ளாமல்கூடப் போயிருப்பேன். ஆனால் இரண்டு வருடம் ஆகியிருக்காது. நாலு மாதம், மிஞ்சினால் ஐந்து. அதற்குமேல் உன் வீட்டுக்கு வராத ஞாயிற்றுக்கிழமைகளை வைத்துக்கொண்டு என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது. திரும்பி வந்திருப்பேன். அந்த அளவுக்காவது நீ என்னை நம்பியிருக்கலாம்.