பித்தளை ஆணிக்கு இரண்டு விரல் கிழக்கே

செப்டம்பர் 14, ஞாயிறு

எங்கள் கல்யாண நாள். மாதா கோயிலில் பூசை முடிந்ததும் யாரிடமும் நின்று பேசவிடாமல் லியோவை விரட்டி அழைத்து வந்தேன். பன்னிரண்டு மணிக்கு மாடிப்படிக்கு மேலே கூரையில் நான் விடச் சொன்ன துளை வழியாக வெயில் இறங்கி, கூடத்துச் சிவப்புத் தரையில் விழுந்தது. சின்ன அப்பளம் அளவு வெளிச்சம். அதன் நடுமத்தியில் பித்தளை ஆணி. போன வருடம் இதே நாள், இதே நேரம் பார்த்துப் பதித்தது. இன்னும் இரண்டு ஆணிகள் இருக்கின்றன: மகள் ஜெனிட்டாவின் பிறந்தநாளுக்கு ஒன்று, கல்லறைத் திருநாளுக்கு ஒன்று.

“சூரியன வீட்டுக்குள்ள காலண்டரா மாட்டிட்டியேம்மா” என்றார் மாமா, லியோவின் அப்பா. எழுபத்தாறு வயதில் கை தட்டுகிறார். நான் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவள். வீடு கட்டப் படித்தவள் இல்லை. ஆனாலும் இந்த வீட்டின் ஒவ்வொரு மூலையும் என் நோட்டில் வரைந்தது. படிக்கட்டில் ஒவ்வொரு படியும் ஓர் இழுப்பறை. பால் பாக்கெட்டை வாசலிலிருந்து மாடிக்கு இழுக்கக் கப்பியும் கூடையும். தூணுக்கும் அஸ்திவாரத்துக்கும் கணக்குப் போட்டது மட்டும் சிதம்பரத்திலிருக்கும் என் சிநேகிதி சத்யப்பிரியா. இன்ஜினியர்.

கிழக்குப் பக்கக் காலி மனையில் பொக்லைன் வந்து நிற்கிறது. கடைகள் கட்டப் போகிறார்களாம். வண்டி நிறுத்தத் தரைக்கு அடியில் ஒரு தளம்.

செப்டம்பர் 29

பள்ளம் பத்தடி இறங்கிவிட்டது. எங்கள் சுவரிலிருந்து ஆறடிகூட இல்லை. வெறும் மணல்.

அக்டோபர் 6

மாமாவின் இழுப்பறை திறக்கவில்லை. லியோ மெழுகு தேய்த்தும் அசையவில்லை. மழை ஈரத்துக்குப் பலகை ஊதியிருக்கும் என்றார்.

இன்னும் மழையே பெய்யவில்லையே.

அக்டோபர் 12, ஞாயிறு

ஜெனிட்டாவுக்கு ஒன்பது வயது முடிந்தது. தெருப் பிள்ளைகள் எல்லாம் ஆணியைச் சுற்றி உட்கார்ந்து “பத்து, ஒன்பது, எட்டு” என்று எண்ணினார்கள். வெளிச்சம் வந்தது. கத்தினார்கள். கேக் வெட்டினோம்.

நான் மட்டும் குனிந்து பார்த்தேன். ஆணி நடுவில் இல்லை. வெளிச்சம் ஒரு விரல் அளவு கிழக்கே தள்ளி விழுந்திருந்தது.

“நீ ஒரு நிமிஷம் லேட்டா பாத்திருப்ப” என்றார் லியோ. நியாயம்தான், ஒரு நிமிடம் தவறினாலே அவ்வளவு நகரும். ஆனால் போனைக் கையில் வைத்துக்கொண்டுதானே பார்த்தேன்?

அக்டோபர் 23

ஜெனிட்டாவின் இழுப்பறை தானாகத் திறக்கிறது. மூடிவிட்டுத் திரும்பினால் பின்னாலேயே மெல்ல வெளியே வருகிறது. அவளுக்கு ஒரே சிரிப்பு. “அம்மா, இதுக்கு உசிரு வந்துடுச்சு!”

நானும் சிரித்தேன். அவள் தூங்கப் போன பிறகு அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைக்குப் போய் அத்தைக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தோம். மேகம் விலகுமா என்றிருந்தது. விலகியது. விலகாமலே இருந்திருக்கலாம்.

இரண்டு விரல். ஆணி வெளிச்சத்தின் ஓரத்தில் நிற்கிறது. இந்த முறை லியோ கையிலும் போன், என் கையிலும் போன். இரண்டு பேரும் ஒரே நொடியில்தான் பார்த்தோம். சூரியன் இடம் மாறாது. ஆணியும் மாறாது. அப்படியென்றால் கூரைதான் போயிருக்கிறது. கிழக்கே — பள்ளத்தின் பக்கம்.

நவம்பர் 3

மனைக்காரரிடம் போனோம். உட்காரச் சொன்னார், காபி கொடுத்தார். “கூரையில ஓட்ட, படியில பொட்டி. வீட்ட பொம்ம மாதிரி கட்டிட்டு என் பள்ளத்த சொல்றீங்களேம்மா.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

வரும் வழியில் லியோ கேட்டார்: “அவரு சொல்றதுலயும் எதாவது இருக்குமா ஜான்சி? நீ வேற ஜாஸ்தி ஆசப்பட்டுட்ட.”

அதை அவர் சொல்லியிருக்க வேண்டாம். கடைசி தளம் போட்ட அன்று தெருவெல்லாம் நின்று “என் பொண்டாட்டி ப்ளான்” என்று சொன்ன வாய்தானே?

நான்தான் கெடுத்தேனா? துளையாலா? படியாலா?

நவம்பர் 5

சத்யப்பிரியா வந்தாள். சுவர் நேராக நிற்கிறதா என்று நூல் குண்டு கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தாள். பள்ளத்தின் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தாள். படிகளைத் தொடக்கூட இல்லை.

“உன் டிசைன்ல ஒண்ணும் இல்லடி. அடியில மண்ணு போகுது. மழ புடிக்கிறதுக்குள்ள கெளம்புங்க.” சிதம்பரத்தில் அவள் வீட்டு மாடி காலியாக இருக்கிறதாம்.

மாமா வர மறுத்தார். “இருவத்தேழு வருஷம் வாடக வீட்டுல இருந்தேன். செத்தாலும் இங்கதான்.” லியோ அப்பா முன்னால் குரல் உயர்த்தி இன்றுதான் பார்க்கிறேன். “நீங்க செத்தா நான் இருக்கணுமாப்பா?” என்றார். மாமா செருப்பைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார்.

நவம்பர் 8

சிதம்பரம். பாதிச் சாமான்தான் வந்திருக்கிறது. பள்ள வேலையை நிறுத்தச் சொல்லி மாநகராட்சி ஆபீசில் மனு கொடுத்திருக்கிறோம். பார்க்கிறோம் என்றார்கள். பள்ளத்தில் வேலை நடக்கிறது.

நவம்பர் 11

மழை.

நவம்பர் 13

மழை. பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறதாம். மோட்டார் வைத்து இறைக்கிறார்களாம். தண்ணீரோடு மணலும் வருமே.

நவம்பர் 15, சனி

எழுதித்தான் ஆக வேண்டும்.

மழை விட்டிருந்தது. மீதிச் சாமானை எடுக்க நானும் லியோவும் காலை பஸ்ஸில் கடலூர் வீட்டுக்குப் போனோம். கதவு திறக்கவில்லை, லியோ தோளால் இடித்துத் திறந்தார். உள்ளே எல்லா இழுப்பறையும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன, மாமாவுடையது உட்பட. படிக்கட்டுக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையும் அளவு இடைவெளி. அதன் வழியாக வெளியே மோட்டார் ஓடும் சத்தம். ஆட்கள் பேசும் சத்தம்.

எதையும் எடுக்கவில்லை. ஓடினேன்.

பள்ளத்தில் ஒன்பது பேர் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். “மேல ஏறுங்க! வீடு வருது, ஏறுங்க!” மேஸ்திரி சிலம்பரசன் நிமிர்ந்து, “சாயந்தரத்துக்குள்ள முடிக்கணும்மா, போங்க” என்றான். லியோ கீழே இறங்கப் போனார். சட்டையைப் பிடித்து இழுத்தேன். அப்போது சிமெண்டுச் சட்டியோடு நின்ற ஓர் அம்மாள் எங்கள் சுவரை அண்ணாந்து பார்த்தார். சட்டியைக் கீழே போட்டார். “யோவ், அந்தப் பொம்பளைக்கு என்ன பைத்தியமா? செவுத்த பாருங்கய்யா!” என்று ஏணியைப் பிடித்தார். அவர் பின்னால் ஒவ்வொருவராக ஏறினார்கள். கடைசியில் சிலம்பரசன், திட்டிக்கொண்டே.

பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் எல்லோரும் தெருவில் நின்றோம். கால் மணி நேரம். ஒன்றும் நடக்கவில்லை. சிலம்பரசன் பீடி பற்ற வைத்துவிட்டு, மோட்டாரையாவது எடுத்து வருகிறேன் என்று திரும்பி நடந்தான். பாதி தூரம்தான் போயிருப்பான்.

பெரிய சத்தம்கூட இல்லை. மூட்டையிலிருந்து அரிசி கொட்டுவது போல ஓசை வந்தது. கிழக்குச் சுவரும் படிக்கட்டும் கூரையின் ஒரு பாதியும் பள்ளத்துக்குள் போய்விட்டன. புழுதி அடங்கியபோது எங்கள் சமையலறை தெருவுக்கே தெரியும்படி திறந்து நின்றது. சிலம்பரசன் நடுவழியிலேயே பீடியோடு நின்றிருந்தான்.

அந்த அம்மாள் பெயர் கொளஞ்சியம்மாள். பண்ருட்டிப் பக்கமாம். என் கையைப் பிடித்துக்கொண்டு, “எம் பையனும் கீழதாம்மா நின்னான்” என்றார்.

நவம்பர் 16

லியோ காலையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “அன்னிக்கு அப்டி கேட்டிருக்கக் கூடாது” என்றார். “ம்” என்றேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

இந்த மாடியில் சமையலறை அலமாரி எனக்கு எட்டாத உயரம். கீழே வரும்படி ஒரு பலகை, இழுத்தால் சாயும், விட்டால் ஏறும் — மூன்று வாரத்தில் முதல் முறையாகப் பென்சிலை எடுத்து நோட்டில் கோடு போட்டேன். ஜெனிட்டா வந்து எட்டிப் பார்த்தாள். தினமும் எழுந்ததும் இந்த வீட்டுச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பல் தேய்க்கப் போகிறாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

“என்னம்மா வரையற?”

சொன்னேன்.

“வேணாம்மா. இந்த வீட்ட ஒண்ணும் பண்ணாத.”

நோட்டை மூடினேன். சாயங்காலம் லியோ கடைத்தெருவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கி வந்தார். ஜெனிட்டா அதன் மேல் ஏறி நின்று, நாலு காலும் ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, எனக்குக் கொடுத்தாள்.