பதினாறு கோருக்கு இழுத்த மின்கம்பி

ஸ்தாரா ஸாகோரா
அக்டோபர் 19

அன்பு மகன் லாச்சோவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். நீ அங்கே ஹாம்பர்க்கில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, காய்ச்சல் தலைவலி எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுதல். உடம்பளவில் என்று ஏன் எழுதினேன் என்பதைக் கடைசிவரை படித்தால் தெரிந்துகொள்வாய். ஃபோன் இருக்கும்போது அம்மாவுக்கு என்ன திடீரென்று கடிதம் என்று சிரிக்காதே. நான் ஃபோனை எடுத்தாலே உன் அப்பா எந்த மூலையில் இருந்தாலும் வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றுகொள்கிறார், அவரை வைத்துக்கொண்டு இதைப் பேச முடியாது. இப்போது தோட்டத்தில் வால்நட் பொறுக்கப் போயிருக்கிறார், திரும்பி வருவதற்குள் எழுதி ஒட்டிவிட வேண்டும்.

இந்த வருஷம் குடைமிளகாய் நல்ல விளைச்சல். நாற்பது கிலோ வாங்கிச் சுட்டு, தோலுரித்து, தக்காளியோடு அரைத்துக் கிண்டிப் பாட்டில்களில் அடைத்துவிட்டேன், உனக்குப் பன்னிரண்டு தனியாக இருக்கிறது. பால்கனியில் மிளகாய் சுடும் மின்னடுப்பைப் போட்டபோதெல்லாம் ஃபியூஸ் போய்விட்டது. நான் முணுமுணுத்ததற்கு அப்பா சொன்னார், "இதுக்கே மூச்சு வாங்குது, நாளைக்குப் பையனோட மிஷின் மேல ஓடுறப்ப நீ கீழ மிளகாய் சுட்டா வீடே இருட்டாயிடும் ருமி, மாடிக்குத் தனி லைன் இழுத்துடறேன்" என்று. அன்றைக்கே செம்புக் கம்பிச் சுருளை வாங்கிவந்து சுவரைக் கொத்த ஆரம்பித்துவிட்டார். அறுபத்தெட்டு வயதில் ஏணி மேல் நின்று உளியும் சுத்தியலுமாகக் கொத்துகிற மனுஷனைக் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், தடுக்க எனக்கு மனசு வரவில்லை. ஏனென்றால் அதற்கு நான்கு நாள் முன்புதான் நீ என்னைக் கூப்பிட்டு அந்தச் செய்தியைச் சொல்லியிருந்தாய்.

முதலிலிருந்து சொல்கிறேன், நீ மறந்திருக்கலாம், நாங்கள் மறக்கவில்லை. ஜூலையில் வந்திருந்தபோது சமையலறை மேஜையில் உட்கார்ந்து, இனி அங்கே இருக்கப் போவதில்லை, கட்டடங்களைக் கட்டுவதற்கு முன்பே படமாக்கிக் காட்டுகிற என் வேலையை மாடியில் உட்கார்ந்தே செய்யலாம், நல்ல கம்ப்யூட்டர் ஒன்று இருந்தால் போதும் என்று நீதான் சொன்னாய். சாமான் பட்டியலும் நீதான் எழுதினாய். கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசஸர் என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டு, பதினாறு கோர் உள்ளது ஒன்று, எட்டு கோர் உள்ளது ஒன்று, அம்மா கம்ப்யூட்டர் டிஸ்க் ஃபேக்டரியில் முப்பது வருஷம் சோதனைப் பிரிவில் இருந்தவள், அவளே முடிவு பண்ணட்டும் என்று என்னைப் பெருமைப்படுத்தினாய். எட்டு கோர் விளையாட்டுக்கு ராஜா, ஆனால் என் படங்களைச் செய்ய ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும், பதினாறு பாதி நேரத்தில் முடித்துவிடும், ஆனால் சூடும் அதிகம், மின்சாரமும் அதிகம் என்று அப்பாவுக்கு விரலால் வரைந்து விளக்கினாய். அவர் ஒவ்வொரு சொல்லையும் மனதில் வாங்கிக்கொண்டார். மேலே போகும் மின்கம்பியைப் பிடித்து ஓடும் ட்ராலிபஸ் லைனில் எலக்ட்ரீஷியனாக இருந்தவரிடம் எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்று ஒரு முறை சொன்னால் போதும்.

உன் அப்பாவின் குணம் உனக்குத் தெரியும், முதலில் வாங்கிவிட்டு அப்புறம் யோசிப்பார். இந்த வீட்டின் மாடியையே நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது மகன் குடும்பத்துக்கு என்று எழுப்பிவிட்டார், இன்றுவரை உள்ளே பூச்சு இல்லை. அதே போல, கடையில் தள்ளுபடி என்றதும் எனக்குச் சொல்லாமல் போய், ப்ராசஸர் உட்காருகிற மதர்போர்டை வாங்கி வந்துவிட்டார். அதில் பதினாறு கோர் மட்டும்தான் உட்காரும், எட்டு வேறு கம்பெனி, வேறு அளவுக் குழி. இதை நான் சொன்னதற்கு, "அப்ப நல்லதாப் போச்சு, நீ மண்டையை உடைச்சுக்க வேண்டாம்" என்று சிரித்தார். சீட்டியடித்துக்கொண்டு அலமாரியில் வைத்தார். அவர் சீட்டியடித்து எத்தனை வருஷம் ஆகிறது.

அப்புறம் உன் ஃபோன். அப்பா வீட்டில் இல்லாத நேரம் பார்த்துக் கூப்பிட்டு, "மூணு வருஷத்துக்கு மறுபடி கையெழுத்துப் போட்டுட்டேம்மா, நல்ல இடம், விட மனசில்ல, அப்பாகிட்ட நீயே பக்குவமா சொல்லிடு" என்றாய். எனக்கு உன் மேல் வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை, எழுதிவிடுகிறேன். நீ அங்கே இருப்பதற்காக இல்லை. உன் வாழ்க்கை உன்னுடையது, நல்ல இடத்தை யார் விடுவார்கள். அந்தப் பக்குவத்தை என் தலையில் கட்டினாயே, அதற்காக. ஆனால் நானும் உன்னைப் போலத்தான் கோழையாக இருந்தேன். நாளைக்குச் சொல்கிறேன், சுவர் கொத்தி முடியட்டும் சொல்கிறேன் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். கடைசியில் ஒரு நாள் சந்தைக்குப் போவதாகச் சொல்லி, மதர்போர்டைப் பையில் போட்டுக்கொண்டு அந்தக் கடைக்கே போனேன்.

கடையில் ப்ளமேனா என்று ஒரு பெண், கெட்டிக்காரி. "வேலைக்கா அத்தை, விளையாட்டுக்கா? வேலைக்குன்னா கண்ணை மூடிக்கிட்டு பதினாறை எடுங்க, இந்த போர்டே போதும், ஏன் மாத்துறீங்க?" என்று கேட்டாள். ஃபேக்டரியில் எந்தக் கேள்விக்கும் நின்று பதில் சொன்னவள், அங்கே போர்டை மட்டும் அவள் பக்கம் தள்ளிவைத்தேன். பிறகு, லீவுக்கு வருகிற பையன் விளையாடுவதற்கு என்றேன். அவள் மறுபேச்சு பேசாமல் போர்டை மாற்றி எட்டு கோரை எடுத்துக் கொடுத்தாள். பதினாறை வாங்கி ஆள் இல்லாத மாடியில் வைத்து வருஷம் முழுக்கத் தூசி தட்ட என்னால் முடியாது லாச்சோ. எட்டு இருந்தால் நீ வருகிற நாட்களில் சிநேகிதர்களோடு விளையாடுவாய், அதற்காகவாவது இரண்டு நாள் கூட இருப்பாய் என்று கணக்குப் போட்டேன். அற்பக் கணக்குதான், தெரிகிறது.

பட்டியலில் இருந்த மற்ற சாமான்களையும் வாங்கி வந்து, கம்ப்யூட்டரை நானே பூட்டினேன். எங்கள் பிரிவில் எதையும் நாற்பத்தெட்டு மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டாமல் வெளியே அனுப்ப மாட்டோம், அந்த வழக்கப்படியே மாடியில் ஓடவிட்டேன். உன் அப்பா லைனை முடித்த ஆனந்தத்தில் இரண்டாம் நாள் காலையில் மேலே ஏறி, மின்சாரம் அளக்கிற இடுக்கியைக் கம்பியில் மாட்டிப் பார்த்திருக்கிறார். இதை நான் யோசிக்கவே இல்லை. "ருமி, முழுச் சுமைன்னு சொன்னியே, பாதிதானே இழுக்குது" என்று மேலிருந்து குரல் கொடுத்தார். இன்னும் சூடேறவில்லை என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மறுபடி அளந்தார். உள்ளே இருப்பது பதினாறு இல்லை, எட்டு என்று அப்போதே அவருக்குப் புரிந்திருக்கும். வெகு நேரம் கழித்து இறங்கி வந்து, கையைக் கழுவி, தட்டில் இருந்ததைச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்துத்தான், "கிறிஸ்துமஸுக்கு எத்தனை நாள் லீவு தருவாங்களாம்?" என்று கேட்டார். தெரியாது என்றேன். தலையைக் குனிந்தபடியே மேஜையில் இருந்த ரொட்டித் துணுக்குகளைக் கையால் கூட்டி எடுத்தார். நான் அழுதேன், அவர் பார்க்கவில்லை, அல்லது பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சுவரைப் பூசி மூடிவிட்டார், லைன் அப்படியே இருக்கிறது.

கண்ணா, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மறக்காமல் கூப்பிடு. என் எண்ணுக்கு வேண்டாம், அவர் எண்ணுக்கு. என்னிடம் சொன்னதை நீயே அவரிடம் சொல்லு, சுற்றி வளைக்காதே, எத்தனை நாள் வருவாய் என்பதையும் சரியாகச் சொல்லு. அவருக்குத் தெரியும் என்று நான் எழுதியதைக் காட்டிக்கொள்ளாதே. முதல் தடவை கேட்கிறவர் போலத்தான் கேட்டுக்கொள்வார், "சரிப்பா, நல்ல இடம்னா இரு" என்பார், அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டார். உன் வாயால் கேட்டோம் என்ற மரியாதையையாவது அவருக்குக் கொடு.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீ போகிற வழியெல்லாம் தெய்வம் உனக்கு முன்னால் நடக்கட்டும், நீ தொட்டதெல்லாம் நன்றாக நடக்கட்டும்.

என்றும் உன் நினைவில்,
அம்மா ருமியானா