ஏலக்காய் பூப்பது எங்கே

குரங்கணி மலை,
1912 ஜூலை 24.

அன்பு மனைவி கமர்நிசாவுக்கு சவுகத் அலி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நான் சுகம். உன் மூட்டுவலி குறைய துஆச் செய்கிறேன்.

மழை விடவில்லை. அட்டைக்கடியில் கால் இரண்டும் புண். புதிதாகக் குத்தகைக்குப் பிடித்த தோட்டத்தின் விளைச்சலைப் பார்த்துவிட்டு ஒரே நாளில் இறங்கலாம் என்று வந்தவன், நான்கு நாளாக இங்கேயே கிடக்கிறேன். காரணம் சொன்னால் சிரிப்பாய்.

இருபத்திரண்டு வருட ஏலக்காய் வியாபாரம். மோந்து பார்த்தே எந்த மலைக் காய் என்று சொல்வேன். போடியில் 'ஏலக்காய் ராவுத்தர்' வீடு எதுவென்றால் பச்சைப் பிள்ளையும் கை காட்டும். ஆனால் மூட்டையைத்தான் பார்த்திருக்கிறேன், செடியைப் பார்த்ததில்லை. வந்த அன்று ஆளுயரச் செடிகளுக்கு நடுவே அண்ணாந்து தேடினேன். ஒரு பூ இல்லை. வெள்ளாமை போச்சே என்று கங்காணி பால்பாண்டியை ஏசித் தீர்த்தேன். களையெடுத்துக்கொண்டிருந்த அன்னக்கொடி என்ற பெண் சிரிப்பை அடக்க மாட்டாமல், "மொதலாளி, மேல என்னத்தப் பாக்குறீக? செத்த குத்தவச்சுப் பாருங்க, அது தரையிலதான் பூக்கும்" என்றாள்.

உட்கார்ந்தேன் கமரு. தூரடியில், சருகுக்குள்ளே, கொத்துக் கொத்தாய்ப் படர்ந்து கிடக்கிறது. நகத்தளவு வெள்ளைப் பூ. அதன் நடுவில் ஊதா ரேகைகள். யார் பார்க்கவென்று இத்தனை நுணுக்கமாக வரைந்தானோ! ஸுப்ஹானல்லாஹ் என்றேன். ஐந்து வேளையும் குனிகிற தலைதான், அன்றுதான் முதல்முறை குனிந்தது போலிருந்தது. ஊரே என் பேரைச் சொன்ன நாளிலும் நெஞ்சு இப்படி நிறைந்ததில்லை. வெட்கமில்லாமல் அழுதேன்.

காலையில் விரிந்தால் அன்றைக்கே வாடிவிடுமாம். நீ ஏதோ சொல்ல வரும்போதெல்லாம் "வெரசா சொல்லு, சோலி கெடக்கு" என்பேன். ஒன்றுமில்லை என்று உள்ளே போய்விடுவாய். என்ன சொல்ல வந்தாய் என்று நான்கு நாளாக யோசிக்கிறேன்.

ரங்கூனுக்குப் போய்க் கடை போடும் யோசனை இனி வேண்டாம். மூன்று வருடம் உன்னை விட்டுப் போய் இன்னும் பெரிய ராவுத்தராகி என்ன செய்யப்போகிறேன்? பெட்டி கட்டியிருந்தால் அவிழ்த்துவிடு.

இதைக் கொண்டுவரும் சுருளிக்கு வயிறாரச் சோறு போடு.

பூவைக் கொண்டுவந்து காட்டலாம் என்றால், ஒவ்வொரு பூவும் ஒரு காய். பறிக்க மனமில்லை. சனிக்கிழமை விடிந்ததும் உன்னை மலைக்குத் தூக்கிவர டோலி வரும். இதுவரை உன்னிடம் எதையும் சொல்லித்தான் பழக்கம், இன்று கேட்கிறேன்: வருவாயா? நமக்கு மிச்சமிருக்கும் நாட்களை அல்லாஹ் நீட்டித் தருவானாக. முழங்கால் மடங்காதே என்று யோசிக்காதே. நான் பிடித்து உட்கார வைக்கிறேன்.

உன்
சவுகத் அலி