சுற்றிப் பார்க்காமல் போட்ட கையெழுத்து

மாப்ளே,

நேற்றுத் தேனியில் ஒரு பெரிய கடையில் என் தோட்டத்துப் பன்னீர் திராட்சையைப் பார்த்தேன். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, மேலே பச்சை முத்திரை, அதற்குக் கீழே என் பெயரும் காமயகவுண்டன்பட்டி என்று ஊர்ப் பெயரும். ஒரு அம்மா வாங்கின கையோடு டப்பாவைத் திறந்து, இடுப்பில் இருந்த பிள்ளையின் வாயில் ஒரு பழத்தை வைத்தாள். எனக்குப் பதறிவிட்டது. "கழுவிக் குடும்மா" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இது மருந்தடிக்காத பழம் சார். கவர்மென்ட் முத்திரை இருக்குல்ல?" என்றாள். கல்லாவில் இருந்தவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "அவரு தோட்டத்துப் பழம்தாம்மா அது. முன்மாதிரி விவசாயி" என்று பெருமையாகச் சொன்னார். பிள்ளை அடுத்த பழத்துக்கு வாயைத் திறந்தது.

அந்தக் கொத்துக்கு முந்தின வாரம்தான் மருந்து அடித்திருந்தேன். வெளியே வந்து சாக்கடையோரம் நின்று துப்பினேன்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது முகம் கொடுத்துப் பேசாதவன் இப்போது உட்கார்ந்து மடல் எழுதுகிறானாக்கும் என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். உன்னைத் தவிர வேறு யாரிடமும் இதைச் சொல்ல முடியாது.

முதல் கூட்டம் நினைவிருக்கிறதா? நம் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் அதிகாரி வந்து விளக்கினார். விஷ மருந்து அடிக்காமல் விளைவிக்கிறவர்களுக்கு அரசாங்கமே முத்திரை கொடுக்கும், செலவில்லை. ஐந்து பேர் சேர்ந்து ஒரு குழுவாக வேண்டும். ஒருவர் தோட்டத்தை மற்றவர் சுற்றிப் பார்த்து, சுத்தம் என்று கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்தை நம்பி முத்திரை வரும். நீதான் எழுந்தாய். "சார், நாங்க அஞ்சு பேரும் மாமன் மச்சான். ஒருத்தன் தப்புப் பண்ணா இன்னொருத்தன் எழுதிக் குடுப்பானா?" என்று கேட்டாய். "எல்லாம் ஒரு நம்பிக்கைதாங்க" என்றார் அவர். "நம்பிக்கைன்னா அப்பறம் ஃபாரம் எதுக்கு சார்?" என்றாய். கூடமே சிரித்தது. அதிகாரியும் சிரித்துவிட்டுப் போண்டாவை எடுத்துக்கொண்டார்.

அப்படிக் கேலி பேசின நீதான் அந்த ஃபாரத்தை வேதவாக்காக எடுத்துக்கொண்டாய். நாங்கள் நாலு பேரும் டீக்கடை பெஞ்சில் ஃபாரத்தை வைத்து, டீ ஆறுவதற்குள் ஒருத்தருக்கொருத்தர் கையெழுத்துப் போட்டு முடித்துவிடுவோம். நீ ஒவ்வொரு பந்தலாகக் குனிந்து போவாய். இலையைக் கிள்ளிக் கசக்கி மோந்து பார்ப்பாய். மோட்டார் ரூமுக்குள் தலையை விட்டு, மூலையில் என்ன மருந்து டப்பா கிடக்கிறது என்று பார்ப்பாய். "இவருக்குக் கலெக்டர் உத்தியோகம் குடுத்துருக்காக" என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். நான்தான் அதிகம் சிரித்தவன்.

அப்புறம் அந்த மழை பிடித்தது. விடாமல் தூறி, என் பந்தலில் செவட்டை நோய் விழுந்தது. இலையெல்லாம் மஞ்சளாகி, பிஞ்சு கருகிக் கொட்டிற்று. வேப்பெண்ணெய், மோர்க் கரைசல், ஒன்றுக்கும் அடங்கவில்லை. ஊரே ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த பகலில், கம்பத்து மருந்துக் கடையில் வாங்கி வந்ததை அடித்தேன். இரண்டு நாள் கழித்து நீ ஃபாரத்தோடு வந்தாய். ஒரு இலையை உன் வேட்டியில் தேய்த்து மோந்தாய்.

"ஏலே, என்னத்த அடிச்ச?"

"வேப்பெண்ணெதான்."

"எங்கிட்டயே முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிறயா? அடிச்சதுக்கு ஒன்னைய நான் குத்தம் சொல்லல. வெள்ளாமை போனா யாரு சோறு போடுவா? அடிச்சேன்னு எழுது. இந்த வெள்ளாமைய முத்திரையில்லாம வித்துட்டுப் போ. மறுபடி மொதல்லருந்து ஆரம்பிப்போம்."

நான் மாட்டேன் என்றேன். நீ கையெழுத்துப் போடாமல் ஃபாரத்தை மடித்து என் சட்டைப்பையில் வைத்துவிட்டுப் போனாய்.

அதற்கு நான் செய்தது உனக்குத் தெரியும். தெரிந்தும் ஊரில் ஒருவரிடமும் சொல்லாமல் இருந்தாய். மற்ற மூன்று பேரையும் அதே டீக்கடைக்குக் கூப்பிட்டேன். "இன்னைக்கு எனக்கு, நாளைக்கு உங்களுக்கு" என்றேன். அவர்கள் மோட்டார் ரூமிலும் மருந்து டப்பா இருந்தது, அதனால் சீக்கிரம் புரிந்துகொண்டார்கள். குழுவுக்கு ஒத்துழைக்கவில்லை என்று உன் மேல் எழுதிக் கொடுத்தோம். அலுவலகத்திலிருந்து ஒருத்தராவது வந்து, ஏன், என்ன என்று கேட்பார்கள் என்று உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தேன். ஒரு ஈ, காக்கை வரவில்லை. "ஆள் குறையுதுல்ல, அஞ்சாவது பேரு ஒண்ணு குடுங்க" என்று போனில் கேட்டார்கள். என் மைத்துனன் பெயரைக் கொடுத்தேன். அவனுக்குத் திராட்சைத் தோட்டமே கிடையாது, தென்னந்தோப்புதான். அதற்கும் முத்திரை வந்தது!

ஐந்தில் சுத்தமாக இருந்த ஒரே தோட்டத்துக்கு முத்திரை பறிபோயிற்று. பொய்த் தோட்டங்களுக்கெல்லாம் நிலைத்தது. என் தோட்டத்து வாசலில் அரசாங்கச் செலவில் போர்டு நட்டார்கள். மேலே இருந்து யார் வந்தாலும் என் பந்தலுக்குத்தான் கூட்டி வருவார்கள். சால்வை போடுவார்கள், படம் எடுப்பார்கள், நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன். தூ! நினைத்தால் என் மேலேயே துப்பத் தோன்றுகிறது.

ஒரு நாள் டவுன் பஸ்சில் வேறு இடமில்லாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தாய். திட்டுவாய் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். "மருந்தக் கலக்குற எடம் ஒங்க கிணத்தடிதானே? அத வேற பக்கம் மாத்திரு. பிள்ளைக குடிக்கிற தண்ணி" என்றாய். அவ்வளவுதான். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டாய். அதற்குப் பிறகு நீ என்னிடம் பேசவில்லை. கார்த்திகையில் நெஞ்சு வலி என்று கம்பத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், பொழுது சாய்வதற்குள் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். மாலையோடு வரிசையில் நின்றவர்களில் நானும் ஒருத்தன்.

பத்து நாளைக்கு முன்னால் உன் வீட்டுக்காரி என்னைத் தேடி வந்தது. முத்திரை தருகிறோம், வாங்க வாங்க என்று இப்போது அலுவலகத்தில் ஆள் பிடிக்கிறார்கள். குழுத் தலைவர் கையெழுத்து வேண்டும். தலைவர் நான்தான். "அவுக இருக்கும்போது கிடைக்கலண்ணே. அவுக தோட்டம் சுத்தமான தோட்டம்னு ஒரு காகிதத்துலயாச்சும் இருக்கட்டும்" என்றது தங்கச்சி. நான் உடனே பேனாவை எடுத்தேன், பழக்க தோஷம். "சுத்திப் பாத்துட்டுப் போடுங்கண்ணே" என்றது.

சுற்றினேன். எனக்குத் தெரிந்து என் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு தோட்டத்தைச் சுற்றினேன். மண் பொதபொதவென்று இருந்தது, காலை வைத்தால் மண்புழு நெளிந்தது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. கடைசியில் என் தோட்டத்து வேலியை ஒட்டின வரிசைக்கு வந்தோம். அங்கே இலைகளின் மேல் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. அது என் மருந்து. நான் அடித்ததை மேல்காற்று இங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறது.

"இந்த ஒரு வரிசைப் பழத்த மட்டும் அவுக தனியாத்தான் பறிப்பாக" என்றது தங்கச்சி. "தெரிஞ்ச வீடுகளுக்கு நல்ல பழம்னு சொல்லிக் குடுக்கிற கூடையில இதச் சேக்கவே மாட்டாக. ஏன்னு கேட்டா, காத்து அங்கிட்டிருந்து வருதும்பாக."

"முத்திரை போனதுக்கு அப்பறமுமா?"

"ஆமாண்ணே. சாகுற வரைக்கும்."

யார் பார்க்கிறார்கள் என்று மாப்ளே அதைத் தனியாகப் பறித்தாய்? முத்திரையும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. முத்திரை வைத்திருந்த நான் முழுத் தோட்டத்தையும் டப்பாவில் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்த வரிசையில் நின்றபோது எனக்கு என் உடம்பே நாறுகிற மாதிரி இருந்தது.

ஃபாரத்தில் ஒரு கேள்வி உண்டு: பக்கத்துத் தோட்டத்திலிருந்து மருந்து வந்து விழுகிறதா? உண்டு என்று எழுதினேன். எந்தத் தோட்டம் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். நேரே அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். அதிகாரி படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"என்னங்க இது, ஒங்க தலையில நீங்களே மண்ண வாரிப் போடுறீக? ஒங்க தோட்டத்தக் காட்டித்தான் எல்லாருக்கும் சொல்லிட்டிருக்கோம்."

"சார், ஒரு தடவை வந்து பாருங்க. என் பழத்தையும் அந்தப் பழத்தையும் எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்புங்க."

"வந்து பாக்க எங்கிட்ட ஆளு எங்க இருக்கு? டெஸ்ட்டுக்குப் பணம் எங்க இருக்கு? ஸ்டிக்கர் அடிக்க, போர்டு வைக்க, கூட்டம் போடத்தான் நிதி வருது" என்றார். சிரிக்காமல் சொன்னார். அவருக்கும் அலுத்துப்போயிருந்தது போல. பிறகு என் ஃபாரத்தைத் திருப்பிக் கொடுத்து, கூடவே ஒரு வெற்று ஃபாரத்தையும் நீட்டினார். "இல்லைன்னு போட்டுக் கொண்டாங்க. ஒங்களுக்கும் இருக்கும், அந்தம்மாவுக்கும் கிடைக்கும். யாருக்கு நட்டம்?"

யாருக்கு நட்டம்! பச்சை முத்திரையை நம்பி வாங்குகிறவர்கள் யாருமே அவர் கணக்கில் ஆட்கள் இல்லை. பயிரை மேய்கிற வேலிக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்துக் கொடுக்கிற வேலையை அரசாங்கம் செய்கிறது. பார்க்கக் கண் வேண்டிய இடத்தில் ஸ்டிக்கரை ஒட்டி வைத்திருக்கிறது. ஆனாலும் உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், அந்த வெற்று ஃபாரத்தை வாங்கிக்கொண்டுதான் வந்தேன். ஒரு வாரம் மேசை மேல் வைத்திருந்தேன். "இல்லை" என்று எழுதிவிட்டால் தங்கச்சிக்கு நல்லது செய்த மாதிரியும் ஆகும், என் பிழைப்பும் கெடாது என்று மனசு கூசாமல் கணக்குப் போட்டது. நேற்று அந்தக் கடைக்குப் போகாமல் இருந்திருந்தால் எழுதியிருப்பேன்.

இன்று காலையில் பழைய ஃபாரத்தையே பதிவுத் தபாலில் அனுப்பினேன், என் முத்திரையை எடுத்துவிடச் சொல்லி ஒரு கடிதமும் சேர்த்து. கடைக்காரருக்குப் போன் போட்டு டப்பாவையெல்லாம் திருப்பி எடுக்கச் சொன்னேன். வாசல் போர்டைக் கழற்றிக் கீழே சாய்த்தேன். யார் சொன்னார்களோ, மதியத்துக்குள் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பழத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. போர்டு அரசாங்கச் சொத்து, கழற்றக் கூடாது என்றார்கள்.

அப்புறம் உன் வீட்டுக்குப் போனேன். தங்கச்சியிடம் ஒன்று விடாமல் சொன்னேன், உன்னைக் குழுவிலிருந்து தள்ளினது உள்பட. முத்திரை வராமலே போகலாம் என்றும் சொன்னேன். அது முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே கேட்டது.

"எல்லாம் தெரியும்ணே. அவுக அன்னைக்கே சொல்லிட்டாக."

"தெரிஞ்சுமா கையெழுத்துக்கு என்கிட்ட வந்த?"

"வேற யாருகிட்டப் போறது? கவர்மென்ட்டு ஒங்க கையெழுத்தத்தானே கேக்குது."

கோபமில்லாமல் சொன்னது மாப்ளே. அதற்குப் பதில் நீ என்னை நாலு அறை விட்டிருக்கலாம். உன் தோட்டம் சுத்தம் என்று சொல்ல இந்த நாட்டில் என் கையைத்தான் தேடி வர வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்து இலை முன்னால் உட்கார்ந்தேன். இந்தக் கையால் சோற்றைப் பிசைய அருவருப்பாக இருந்தது. எழுந்துவிட்டேன்.