ரெண்டு பக்கமும் ஊசி

என்னங்க,

சாப்பாடு மூடி வச்சிருக்கேன், சூடு பண்ணிக்கங்க. மேஜை மேல இருக்கிற மதர்போர்டைத் தொடாதீங்க.

நானா பேசக் கூடாதுன்னுதான் இருந்தேன். அன்னைக்கு நடந்த சண்டை தனி, இது தனி. முழுசா வாங்கக் கட்டுப்படியாகாதுன்னுதானே பாப்பாவோட கம்ப்யூட்டரைப் பாகம் பாகமா வாங்கறோம்? நீங்கபாட்டுக்கு பிராசசர் வாங்கினீங்க, நான்பாட்டுக்கு போர்டு வாங்கினேன். பேச்சே இல்லாத வீட்டுல யாரு யாரைக் கேக்கறது?

இன்னைக்கு ரெண்டையும் பொருத்திப் பார்த்தேன். உங்க பிராசசர் அடியில ஊசி ஊசியா இருக்கு. என் போர்டுலயும் ஊசிதான், ஓட்டையே இல்ல. ரெண்டு பக்கமும் குத்தத் தயார், வாங்கிக்கத்தான் ஆளில்ல. பிரிச்ச பெட்டியைத் திருப்பி எடுக்க முடியாதுன்னு கடைக்காரர் கையை விரிச்சுட்டார். "வாங்கறதுக்கு முன்னாடி வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுக்க மாட்டீங்களாம்மா?"ன்னார்.

பாப்பா நாளைக்கு கம்ப்யூட்டர் ரெடியாயிடும்னு ஸ்கூல் பூரா சொல்லி வச்சிருக்கா. அவ முகத்தைப் பார்க்கப் பயந்துகிட்டு டியூட்டிக்குச் சீக்கிரமே கிளம்பிட்டேன். என்ன செய்யறதுன்னு தெரியலங்க.

ஒண்ணு விட்டுட்டேன். மெமரி நான் இன்னும் வாங்கல. நீங்க வாங்கிட்டீங்களா? பதிலை எழுதி வைக்காதீங்க. போன் பண்ணி வாயால சொல்லுங்க.