நன்னாகனின் முதல் ஏழு நகர்வுகள்

அறம் ஓங்குக. கருங்குன்ற நாட்டரசி, ஏழெயில் காவலர், வெண்கோதைப் பெருந்தேவி, மூன்று ஆறுகள் பாயும் பேரைநாட்டு வேந்தர் மாவேள் ஆற்றரையர் திருமுன் விடுக்கும் ஓலை. தங்கள் வயல்கள் விளைக; கன்றுகாலி பெருகுக; தங்கள் சினம் தணிக.

எல்லைப் படகுத்துறை யாருக்கு உரியதென்று தீர்க்க, கடந்த முழுநிலவன்று நடந்த சதுரங்கத்தில், தங்கள் ஆட்டக்காரன் நன்னாகன் எம்மிடம் தோற்றான். தங்களை எதிர்த்து எண்பது நகர்வு தாங்குபவன் ஒரு பெண்ணிடம் முப்பதில் வீழ்ந்தது சதியே என்று தீர்ப்பிட்டு, வரும் வெள்ளியன்று அவனைக் கழுவேற்ற நாள் குறித்தீர்களாம். சான்றென்று, அவன் தங்களிடம் தோற்ற இருபத்தெட்டு ஆட்டங்களின் ஏடுகளையும் தங்கள் தூதர் எம்மிடம் நீட்டினார்.

எம் ஆட்ட ஏட்டைப் பிரித்து, பலகையில் காய் பரப்பி, தொடக்கத்திலிருந்து ஆடிப் பார்த்தோம். மூன்றாம் நகர்வில் யாம் கவனமின்றிக் குதிரையைக் காவலற்ற கட்டத்தில் நிறுத்தியிருக்கிறோம். அவன் யானை பலகையின் நடுக்கோடு தாண்டி வந்திருந்தால் எம் குதிரை ஒழிந்திருக்கும். அவனோ மூலைக் காலாளை ஒரு கட்டம் தள்ளினான். ஐந்தாம் நகர்விலும் அதே கூத்து. ஏழாம் நகர்வில் எம் தேர் நடுக்கோட்டைக் கடந்த பிறகே அவன் படை அசைந்தது. அதற்குள் ஆட்டம் கைமீறிவிட்டது.

எமக்கும் ஐயம் வரத்தான் செய்தது. ஆனால் அந்த இருபத்தெட்டு ஏடுகளிலும் அவன் தொடக்கம் இதுவே. காரணம் வினவியபோது, அரசர் ஆடும் காய் கடக்குமுன் குடிமகன் ஆடும் காய் நடுக்கோட்டைக் கடப்பதில்லை, அது பேரைநாட்டு அவை மரியாதை என்று தங்கள் தூதர் பெருமையாகவே உரைத்தார்.

எம்மையும் அரசியென மதித்து அதே மரியாதையைக் காட்டியதுதான் அவன் செய்த சதி. இதற்கா கழுமரம்? முரசறைந்து மூன்று நாள் யாம் கொண்டாடிய வெற்றி, பிச்சையாக இடப்பட்டதென்று அறிந்து எம் உடல் கூசுகிறது. அத்துறை எமக்கு வேண்டா. நன்னாகன் வந்து, மரியாதையை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, எம்மோடு மீண்டும் ஆடட்டும்.

வெள்ளிக்குள் அவன் உயிரோடு எம் எல்லை சேராவிடில், அந்த இருபத்தெட்டு ஏடுகளும், எந்தெந்த நகர்வில் அவன் தங்களை வீழ்த்தியிருக்கலாம் என்ற எம் குறிப்புகளோடு, அண்டை நாட்டு அவைகள் அனைத்துக்கும் போய்ச் சேரும். குறிப்பில்லாத ஏடு ஒன்றுகூட இல்லை.

இது எம் ஆணை. எம் பெண்யானை முத்திரையை எம் கையாலேயே இட்டோம். படியெடுப்போர் எழுத்தாணியோடு அமர்ந்துவிட்டனர்.